டேகல் சிறையில் ஒரு திருவருகைக் காலம்

கிறித்தவர்களின் திருவழிபாட்டு ஆண்டு ஜனவரியில் தொடங்குவதில்லை. கிறிஸ்து பிறப்பு விழாவிற்கு முன்வரும் நான்கு ஞாயிறுகளைக் கொண்ட ஒரு காத்திருப்புக் காலத்தோடு அது தொடங்குகிறது. 'அட்வெந்துஸ்' என்னும் இலத்தீன் சொல்லுக்கு வருகை என்பது பொருள். நம் கத்தோலிக்கர் இதனைத் திருவருகைக் காலம் என்பர். பசுந்தழை வளையத்தில் ஞாயிறுக்கு ஒன்றாக நான்கு மெழுகுவர்த்திகளை ஏற்றும் வழக்கம் இன்று தமிழகத்து ஆலயங்களிலும் பரவிவிட்டது. (பலரும் எண்ணுவதுபோல் இவ்வழக்கம் மிகப் பழமையானதன்று. 1839இல் ஹாம்பர்க் நகரில் ஆதரவற்ற சிறுவர்களுக்கு இல்லம் நடத்திய யோஹான் ஹின்ரிஹ் விஹெர்ன் என்னும் லுத்தரன் போதகர், கிறிஸ்துமஸ் எப்போது வரும் என்று ஓயாமல் கேட்ட பிள்ளைகளுக்காக ஒரு வண்டிச் சக்கரத்தில் மெழுகுவர்த்திகளைப் பொருத்தி நாளுக்கு ஒன்றாக ஏற்றிக் காட்டினார் என்பர்.)

இக்காலத்து வாசகங்களில் இறைவாக்கினர் எசாயாவின் நூலுக்குத் தனி இடம் உண்டு. வாளை அடித்துக் கொழுவாக்கும் ஒரு நாள் வரும் என்று அவர் அறிவித்தது, அசீரியப் படைகள் சிற்றரசுகளை ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டிருந்த கி.மு. 8ஆம் நூற்றாண்டில். அன்று தொடங்கி இன்றுவரை அவ்வாசகம் படிக்கப்படாத ஆண்டும் இல்லை. எங்கேனும் போர் நடவாத ஆண்டும் இல்லை. 2023 டிசம்பரில், காசாப் போரின் காரணமாக, இயேசு பிறந்த ஊராகிய பெத்லகேமிலேயே விழாக் கொண்டாட்டங்கள் கைவிடப்பட்டன. அவ்வாண்டும் உலகெங்கும் மெழுகுவர்த்திகள் ஏற்றப்பட்டன, எசாயா வாசிக்கப்பட்டார்.

அப்படியானால் இந்நம்பிக்கைக்கு என்ன பெயர்? ஆண்டுதோறும் பொய்த்துப்போகும் ஒன்றை ஆண்டுதோறும் எதிர்பார்ப்பது மனமயக்கம் அன்றோ?

தமிழ் படித்தவனுக்குக் காத்திருப்பு என்றவுடன் முல்லைத் திணை நினைவுக்கு வருவது இயல்பு. முல்லையின் உரிப்பொருள் இருத்தல். போர்மேற் சென்ற தலைவன் கார்காலத்தில் மீள்வேன் என்று சொல்லிப் போயிருக்கிறான், தலைவி ஆற்றியிருக்கிறாள். நப்பூதனாரின் முல்லைப்பாட்டு 103 அடிகளே கொண்ட சிறு நூல். அதனை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் என்னை நிறுத்துவது அதன் விரிச்சிக் காட்சி. அரசமாதேவியின் துயர் பொறாத முதுபெண்டிர் ஊர்ப்புறத்தே சென்று, நெல்லும் முல்லைப் பூவும் தூவி, நற்சொல் கேட்க நிற்கின்றனர். அங்கே குளிரில் நடுங்கும் ஓர் ஆயர்மகள், தாயைக் காணாது தவிக்கும் கன்றிடம், உன் தாய் இதோ வந்துவிடுவாள் என்கிறாள். அரசனைப் பற்றியோ போரைப் பற்றியோ அவளுக்கு ஒன்றும் தெரியாது. கன்றுக்குச் சொன்ன சொல்லை அரண்மனை தனக்கான சொல்லாக எடுத்துக்கொள்கிறது. (நச்சினார்க்கினியர் இப்பாட்டின் அடிகளை இடம்மாற்றிக் கூட்டிப் பொருள் கொண்டதையும், மறைமலையடிகள் 1903இல் அதனை மறுத்து ஆராய்ச்சியுரை எழுதியதையும் பற்றிப் பேசத் தொடங்கினால் இக்கட்டுரை வேறு திசையில் போய்விடும்.)

எனினும் ஒரு வேறுபாட்டை மறைக்கலாகாது. முல்லைப்பாட்டில் தேவியின் இருத்தல் முடிவுக்கு வருவது அரசன் வென்று மீள்வதால். அமைதி என்பது அங்கு வெற்றியின் மறுபெயர். திருவருகைக் காலத்தில் காத்திருப்போர் எதிர்பார்ப்பது அத்தகைய வெற்றியை அன்று. தம் நாடு தோற்றால்தான் அமைதி வரும் என்று அறிந்த நிலையில் காத்திருந்தவர்களும் வரலாற்றில் உண்டு. அவர்களுள் சிலரைப் பற்றியதே இக்கட்டுரை.

கல்லூரி நூலகத்தின் சமயப் பிரிவில், எவரும் எடுக்காத ஒரு வரிசையில், ஆல்பிரட் டெல்ப் என்னும் இயேசு சபைத் துறவியின் சிறை எழுத்துகளை முதன்முதலாகக் கண்டேன். ஆங்கிலத்தில் 1963இல் வெளிவந்த மொழிபெயர்ப்பு. தாமஸ் மெர்ட்டன் முன்னுரை எழுதியிருக்கிறார். முன்னுரைக்காக எடுத்த நூல் அது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். டெல்பின் பெயரை அதற்கு முன் நான் கேள்விப்பட்டதில்லை.

டெல்ப் 1907இல் ஜெர்மனியின் மன்ஹைம் நகரில் பிறந்தவர். தாய் கத்தோலிக்கர், தந்தை சீர்திருத்த சபையினர். கத்தோலிக்கத் திருமுழுக்குப் பெற்று, லுத்தரன் முறையில் வளர்ந்து, வளரிளம் பருவத்தில் அச்சபைப் போதகரோடு பிணங்கிக் கத்தோலிக்கத்திற்கு மீண்டவர். இரு சபைகளின் மொழியும் அவருக்குத் தாய்மொழியாக அமைந்தது பின்னாளில் சிறையில் உதவிற்று. 1926இல் இயேசு சபையில் சேர்ந்தார். 1933இல், ஹிட்லர் ஆட்சிக்கு வந்த அதே ஆண்டில், பள்ளி மாணவர்களுக்காக 'என்றுமுள திருவருகை' என்னும் பொருள்படும் தலைப்பில் ஒரு நாடகம் எழுதினார். 1937இல் குருவானார். அவர் பணியாற்றிய இயேசு சபை இதழை 1941இல் அரசு முடக்கியது. அதன்பின் மூனிக் நகரின் போகன்ஹவுசன் பகுதியில் ஒரு சிறு ஆலயத்தில் பணி. இவ்வளவோடு நின்றிருந்தால் அவர் போரைக் கடந்து வாழ்ந்திருக்கக்கூடும்.

1942இல் ஹெல்முத் ஜேம்ஸ் வான் மோல்ட்கே என்னும் வழக்கறிஞரின் வட்டத்துள் அவர் வந்து சேர்ந்தார். மோல்ட்கேயின் குடும்பப் பண்ணை கிழக்கே சைலீசியாவில், கிரைசாவ் என்னும் சிற்றூரில் இருந்தது. இப்பண்ணையின் பிறப்பிலேயே ஒரு முரண் உண்டு. 1866இல் ஆஸ்திரியாவை வென்ற பிரஷ்யப் படைத்தலைவர் மோல்ட்கே, அவ்வெற்றிக்குக் கிடைத்த பரிசுப் பணத்தில் வாங்கியது அது. போர்ப்பரிசாக வந்த அந்நிலத்தில்தான், அவர் குடும்பத்தில் வந்த இந்த மோல்ட்கே, 1942 மே மாதத்திலும் அக்டோபரிலும் 1943 ஜூனிலும் நண்பர்களைக் கூட்டினார். உறவினர் வந்து தங்கும் விடுமுறைபோல் தோன்றிய அக்கூட்டங்களில் பேசப்பட்டது ஒன்றே: ஹிட்லர் வீழ்ந்த மறுநாள் ஜெர்மனி எப்படி இருக்க வேண்டும்?

1942 அக்டோபரில் ஜெர்மானியப் படை ஸ்டாலின்கிராடில் வீதி வீதியாகப் போரிட்டுக்கொண்டிருந்ததை நினைவில் கொள்ள வேண்டும். அந்நாள்களில் தம் நாட்டின் தோல்விக்குப் பின்னரான அமைதியைப் பற்றிப் பேசுவதே உயிர்க்குற்றம். சீர்திருத்த சபையினர், கத்தோலிக்கர், சமயச் சார்பற்ற சோசலிசவாதிகள் எனப் பல திறத்தார் அங்கிருந்தனர். தொழிலாளர் நிலை பற்றியும் கத்தோலிக்கச் சமூகப் போதனை பற்றியும் சொல்வதற்காக அழைக்கப்பட்டவர் டெல்ப். இரண்டாம், மூன்றாம் கூட்டங்களில் அவர் கலந்துகொண்டார். 1943 ஆகஸ்ட் 9 எனத் தேதியிட்ட அவர்களுடைய வரைவு, சட்டத்தின் ஆட்சி, மனச்சான்றின் உரிமை, சிறு சமூகங்களின் தன்னாட்சி, ஐரோப்பிய நாடுகளின் கூட்டமைப்பு ஆகியவற்றைப் பேசுகிறது. சட்டத்தை மீறியவர்களைப் போருக்குப்பின் தண்டிக்கும் முறையைப் பற்றியும் எழுதினர்.

அமைதிக்கான நம்பிக்கை என்பதை நாம் பெரும்பாலும் ஒரு மனநிலையாகவே கருதுகிறோம். கிரைசாவில் அது வரைவுத்தாளாகவும் திருத்தமாகவும் வாக்குவாதமாகவும் இருந்தது. பள்ளிகளில் சமயக் கல்வி யார் பொறுப்பு என்பது பற்றிக்கூட அவர்கள் மணிக்கணக்கில் விவாதித்தனர். நாளை வரப்போகிறவருக்கு இன்றே வீட்டை ஒழுங்கு செய்யும் வேலை அது. என் எண்ணத்தில், திருவருகை என்னும் சொல்லுக்கு இதைவிட நேரான விளக்கம் கிடைப்பது அரிது.

1944 ஜனவரியில் மோல்ட்கே கைதானார். கெஸ்டப்போ நெருங்குவதை ஒரு நண்பருக்கு அறிவித்து எச்சரித்ததே அன்று அவர்மேல் சுமத்தப்பட்ட குற்றம். ஜூலை 20ஆம் நாள் ஸ்டௌஃபன்பெர்க் வைத்த குண்டு ஹிட்லரைக் கொல்லத் தவறியது. ஜூலை 28 அன்று காலைத் திருப்பலியை முடித்துவந்த டெல்பைக் கெஸ்டப்போவினர் கொண்டுபோயினர். பெர்லினில் வதை, விசாரணை. செப்டம்பர் இறுதியில் டேகல் சிறை.

டேகலில் அவருடைய கைகள் இரவும் பகலும் விலங்கிடப்பட்டிருந்தன. எழுதியவையெல்லாம் அவ்விலங்கோடு எழுதியவை. எழுதிய தாள்கள் வெளியே சென்ற வழி இன்னும் வியப்பானது. மரியானே ஹாபிக், மரியானே ப்யூண்டர் என்னும் இரு பெண்கள் கைதிகளின் துணிகளை வெளுக்க வாங்கிச்செல்வர். அழுக்குத் துணியோடு கடிதங்கள் வெளியேறின. வெளுத்த துணியோடு அப்பமும் திராட்சை இரசமும் உள்ளே வந்தன. அதைக்கொண்டு டெல்ப் தம் அறைக்குள் மறைவாகத் திருப்பலி நிறைவேற்றினார். சீர்திருத்த சபையைச் சேர்ந்த சிறைப் போதகர் ஹரால்ட் பொல்கௌ, மோல்ட்கேக்கும் அவர் மனைவி ஃப்ரேயாவுக்கும் இடையே ஏறத்தாழ நாள்தோறும் கடிதங்களைச் சட்டைப்பையில் கடத்தினார். (இதே பொல்கௌ நகருக்குள் யூதர்களையும் மறைத்துவைத்துக் காத்தவர். அவரைப் பற்றித் தனியே எழுதலாம்.) மோல்ட்கே, டெல்ப், போதகர் கெர்ஸ்டன்மையர், கத்தோலிக்கக் குறுநிலக் குடியினரான ஃபுக்கர் ஆகிய நால்வரும் பக்கத்துப் பக்கத்து அறைகளில் இருந்தனர். ஒரே இறைவேண்டலை, ஒரே விவிலியப் பகுதியை, சுவருக்கு இப்பாலும் அப்பாலும் இருந்து வாசித்தனர். நானூறு ஆண்டுப் பிணக்கை அச்சுவர்கள் பொருட்படுத்தவில்லை போலும்.

1944ஆம் ஆண்டின் திருவருகைக் காலம் மிகக் குறுகியது. முதல் ஞாயிறு டிசம்பர் 3; நான்காம் ஞாயிறு டிசம்பர் 24. இதனினும் சுருங்க நாள்காட்டியில் இடமில்லை. டிசம்பர் 8 அன்று, அமலோற்பவத் திருநாளில், டாட்டன்பாக் என்னும் இயேசு சபைக் குரு சிறைக்கு வந்து, டெல்பின் இறுதி வாக்குறுதியைப் பெற்றுச் சென்றார். சபையை விட்டு விலகினால் விடுதலை என்று கெஸ்டப்போ ஆசை காட்டியிருந்த நிலையில், அவர் கொடுத்த விடை அது.

அந்நாள்களில் அவர் எழுதிய சிந்தனைகளின் சாரத்தை என் சொற்களில் தருகிறேன். திருவருகை என்பது முதலில் உலுக்கப்படும் காலம். மனிதன் தன்னைப் பற்றிக் கட்டிக்கொண்ட பொய்யுறுதிகள் அனைத்தும் ஆட்டம் காண வேண்டும். அதன் பின்னரே வெளிச்சத்திற்கு இடமுண்டு. இக்காலத்தின் முகங்களாக மூவரை அவர் முன்நிறுத்துகிறார். பாலைநிலத்தில் நின்று கூவுபவன், செய்தி கொண்டுவரும் வானதூதர், கருவுற்றிருக்கும் மரியா. கூவுபவன் பிறர் காணாததைக் கண்டு அழிவு வருமுன் உரக்கச் சொல்பவன். அத்தகையோரை இழந்த காலம் கெட்டழியும். வானதூதரோ ஓசையின்றி நல்ல விதைகளை இட்டுச் செல்பவர். தழைத்துக் கனிந்ததைக் காட்டும்படி அவரிடம் கேட்கலாகாது. விதைக்கும் வேளை இது. தாயோ இன்னும் கண்ணால் காணாத ஒன்றைத் தன்னுள் சுமந்து நடப்பவள்.

இச்சிந்தனைகளில் இனிமை குறைவு. வீட்டுக்குள் பைன் மரமும் பலகாரமும் மெல்லிசையுமாக இருந்த ஜெர்மானியக் கிறிஸ்துமஸை டெல்ப் ஐயத்தோடு பார்க்கிறார். அதற்குக் காரணம் இருந்தது. நாஜிக் கட்சி அப்பண்டிகையை ஒழிக்கவில்லை. உள்ளீட்டை மாற்றி வைத்துக்கொண்டது. திருவருகைக் காலத்திற்கு மாற்றாக, குழந்தை இயேசு இல்லாத, கதிரவன் திரும்பும் நாளைக் கொண்டாடும் வீட்டு நாள்காட்டிகளைக் கட்சியின் பரப்புரைப் பிரிவு போர்க்காலத்தில் வெளியிட்டது. மெழுகுவர்த்தி அப்படியே இருந்தது. எதற்காக ஏற்றுகிறோம் என்பது மட்டும் மாறியது. ஆறுதல் தரும் பண்டிகையை எவரும் எளிதில் கைப்பற்றிவிடலாம். உலுக்கும் பண்டிகையைக் கைப்பற்றுவது கடினம்.

டெல்பை உறுதியே உருவான மறைசாட்சியாகக் காட்டும் பக்தி நூல்களோடு எனக்கு உடன்பாடில்லை. அவர் எழுத்தே அதற்கு எதிர்ச்சான்று. ஒரு நாள் விடுதலையாவோம் என்று கணக்குப் போடுகிறார், மறுநாள் அச்சம். மூன்றடி நடந்தால் சுவர், மறுபடி மூன்றடி. பெர்லின்மீது வானூர்திகள் குண்டு பொழிந்த இரவுகளில் பூட்டிய அறைக்குள் காத்திருக்க வேண்டும். எந்தப் படைகளின் வருகை அவர்களுக்கு விடுதலையோ, அப்படைகளின் குண்டுகளாலேயே அவர்கள் மாண்டுபோயிருக்கலாம். டிசம்பர் 16 அன்று ஜெர்மானியப் படை ஆர்டென் காடுகளில் புதிய தாக்குதலைத் தொடங்கியது. முடியப்போகிறது என்று தோன்றிய போர் மீண்டும் நீண்டது.

மறுநாள் டிசம்பர் 17, திருவருகையின் மூன்றாம் ஞாயிறு; மகிழ்ச்சி ஞாயிறு என்று அழைக்கப்படுவது. அன்று டாக்காவ் வதைமுகாமில், காசநோயால் மெலிந்திருந்த கார்ல் லைஸ்னர் என்னும் ஜெர்மானியத் திருத்தொண்டரை, அங்கே கைதியாக இருந்த கப்ரியேல் பிகே என்னும் பிரெஞ்சு ஆயர் மறைவாகக் குருவாகத் திருநிலைப்படுத்தினார். மேற்கே ஆர்டென் காட்டில் ஜெர்மானியர் முன்னேறிக்கொண்டிருந்த அதே நாளில், முட்கம்பிக்குள் ஒரு பிரெஞ்சுக்காரரின் கைகள் ஒரு ஜெர்மானியரின் தலைமேல் இருந்தன. லைஸ்னர் விடுதலையைக் கண்டு, 1945 ஆகஸ்டில் இறந்தார்.

இவ்வரிய நிகழ்ச்சிகளைச் சொல்லித் திருச்சபைகளின் பொதுவான நடத்தையை மூடிமறைக்கும் எண்ணம் எனக்கில்லை. அவ்வாண்டுகளில் ஜெர்மானிய ஆலயங்களில் பெரும்பாலும் ஒலித்தது தாய்நாட்டிற்கும் படைவீரர்க்குமான வேண்டுதல். யூதர்கள் கொண்டுசெல்லப்பட்டபோது உரத்துப் பேசிய மேடைகள் மிகச் சில. டெல்பும் மோல்ட்கேயும் சிறுபான்மையினருள் சிறுபான்மையினர். அமைதி என்று சொல்லி வேறொன்றை விரும்பும் வழக்கத்தை முன்பே இனங்கண்டு சொன்னவர் டீட்ரிஹ் போன்ஹோஃபர். 1934 ஆகஸ்டில் டென்மார்க்கின் ஃபானோ தீவில் நடந்த திருச்சபை மாநாட்டில், அமைதியும் பாதுகாப்பும் ஒன்றல்ல. பாதுகாப்பைத் தேடும் வழியில் அமைதி கிட்டாது. துணிந்து இறங்க வேண்டிய செயல் அது என்று அந்த 28 வயது இளைஞர் பேசினார். அதே ஆண்டில் காந்தியடிகளிடம் வந்து தங்கிக் கற்க விரும்பி எழுதி, வரச்சொல்லி விடையும் பெற்றார். அப்பயணம் நடவாமற்போனது.

போன்ஹோஃபரும் மோல்ட்கேயும் 1942 ஏப்ரலில் நார்வேக்கு ஒன்றாகச் சென்றவர்கள். 1943 ஏப்ரலில் போன்ஹோஃபர் டேகலில் அடைக்கப்பட்டார். அவ்வாண்டு நவம்பரில் நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், சிறையறையைத் திருவருகைக் காலத்தோடு ஒப்பிட்டார்: உள்ளே இருப்பவன் ஏதேதோ செய்துகொண்டிருக்கிறான், கதவோ வெளியிலிருந்து மட்டுமே திறக்கும். 1944 அக்டோபர் 8 அன்று அவர் அங்கிருந்து வேறிடம் கொண்டுசெல்லப்பட்டார். டெல்ப் வந்து சேர்ந்து அப்போது ஏறத்தாழப் பத்து நாள்களே ஆகியிருந்தன. திருவருகையைப் பற்றி அந்நூற்றாண்டில் மிக ஆழமாக எழுதிய இருவர் அந்தச் சில நாள்கள் ஒரே கூரையின்கீழ் இருந்தனர்.

வழக்கு 1945 ஜனவரி 9 முதல் 11 வரை, 'மக்கள் நீதிமன்றம்' என்று பெயர் சூட்டிக்கொண்ட மன்றத்தில், ரோலண்ட் ஃப்ரைஸ்லர் முன்னிலையில் நடந்தது. ஜூலை 20 சதியில் டெல்புக்குப் பங்கு இருந்ததாக மெய்ப்பிக்க இயலவில்லை. தோல்விக்குப் பின்னரான ஜெர்மனியைப் பற்றிக் கூடிப் பேசியதே போதிய குற்றமாயிற்று. தாம் செய்த எதற்காகவும் அன்றி, சேர்ந்து சிந்தித்ததற்காகவே தூக்கிலிடப்படப் போகிறோம் என்று மோல்ட்கே தம் மனைவிக்கு எழுதினார். அதில் ஒருவகை நிறைவும் தென்படுகிறது. கெர்ஸ்டன்மையருக்கு ஏழாண்டுச் சிறை. பின்னாளில் மேற்கு ஜெர்மன் நாடாளுமன்றத்தின் தலைவராக 1954 முதல் 1969 வரை இருந்தவர் இவரே. மோல்ட்கே ஜனவரி 23 அன்று கொல்லப்பட்டார். டெல்ப் பிப்ரவரி 2 அன்று ப்ளோட்சன்சே சிறையில் தூக்கிலிடப்பட்டார். குழந்தை இயேசுவைக் கோயிலில் ஒப்புக்கொடுத்ததை நினைந்து மெழுகுவர்த்திகளை மந்திரித்துப் பவனி வரும் திருநாள் அது. அவருக்கு வயது 37. சாம்பல் கழிவுநீர் பாயும் வயல்களில் தூவப்பட்டது. மறுநாள் நடந்த அமெரிக்க வான்தாக்குதலில் ஃப்ரைஸ்லர் இறந்தார். ஒரு நாள் முந்தியிருந்தால் என்று மனம் கணக்குப் போடுகிறது, அதனால் பயனில்லை.

ஆக, டெல்ப் தமக்காக நம்பியது நடக்கவில்லை. கதவு திறந்தது கொலைக்களத்திற்கு. இந்த இடத்தில் நம்பிக்கை வீண் என்று சொல்லி நூலை மூடிவைக்கலாம். ஒருமுறை மூடியும் வைத்தேன். மீண்டும் எடுக்கத் தூண்டியது அந்தத் தாள்களின் கதை.

சலவைத் துணியோடு வெளியேறிய டெல்பின் எழுத்துகள் 1947இல் நூலாயின. ஃப்ரேயா தம் கணவரின் கடிதங்களைக் கிரைசாவ் பண்ணையின் தேனீப் பெட்டிகளுக்குள் ஒளித்துவைத்திருந்தார். சோதனைக்கு வருபவர்கள் தேனீக்களைக் கிளறத் துணியமாட்டார்கள் என்பது அவர் கணக்கு. அது சரியாகவே இருந்தது. போர் முடிந்தபோது சைலீசியா போலந்துக்குச் சென்றது. அங்கிருந்த ஜெர்மானியர் இலட்சக்கணக்கில் வெளியேற்றப்பட்டனர். சோவியத் யூனியனோடு இணைக்கப்பட்ட கிழக்குப் பகுதிகளிலிருந்து துரத்தப்பட்ட போலந்துக்காரர் பலர் அவ்வீடுகளில் குடியேறினர். 1945 இலையுதிர் காலத்தில் ஃப்ரேயாவும் இரு சிறு மகன்களும் ஊரை விட்டனர். கடிதங்களும் உடன் சென்றன. கிரைசாவ் கிஷிஷோவா ஆயிற்று. பண்ணை அரசுப் பண்ணையாகிப் பழுதடைந்தது. போலந்தும் மேற்கு ஜெர்மனியும் எல்லைக்கோட்டை வைத்து இருபத்தைந்து ஆண்டுகள் முகம் திருப்பிக்கொண்டிருந்தன.

முதல் அசைவு திருச்சபையிலிருந்து வந்தது. 1965 நவம்பரில், இரண்டாம் வத்திக்கான் சங்கம் முடியும் தறுவாயில், போலந்து ஆயர்கள் ஜெர்மன் ஆயர்களுக்கு மடல் எழுதினர். மன்னிப்பதாகவும், தாமும் மன்னிப்பு வேண்டுவதாகவும் அதில் கூறியிருந்தனர். ஆறு மில்லியன் குடிமக்களை இழந்த நாட்டிலிருந்து வந்த சொல் அது. போலந்தின் கம்யூனிச அரசு சினந்தது. பொதுமக்களிலும் பலருக்கு, நாம் எதற்காக மன்னிப்புக் கேட்க வேண்டும் என்ற மனத்தாங்கல். ஜெர்மன் ஆயர்களின் விடை டிசம்பர் 5 தேதியிட்டது. அது திருவருகையின் இரண்டாம் ஞாயிறு. விடை எச்சரிக்கையானது, எல்லைச் சிக்கலில் வெளிப்படையாக ஒன்றும் சொல்லவில்லை. போலந்து ஆயர்களுக்கு ஏமாற்றமே. ஐந்தாண்டு கழித்து, 1970 டிசம்பர் 7 அன்று, மேற்கு ஜெர்மன் தலைமை அமைச்சர் வில்லி பிராண்ட் அவ்வெல்லையை ஏற்கும் உடன்படிக்கையில் கையெழுத்திட வார்சா வந்தார். யூதச் சேரிப் போராளிகளின் நினைவுச் சின்னத்தின் முன் எதிர்பாராத வகையில் முழந்தாளிட்டார். அதுவும் திருவருகைக் காலத்துள் அடங்கும் நாளே. நாள்காட்டிப் பொருத்தங்களில் நான் பெரிதாக நம்பிக்கை வைப்பவனல்லன். பிராண்ட் வழிபாட்டு நாளைப் பார்த்து வந்தவரும் அல்லர். கண்ணில் பட்டதைச் சொல்லி வைக்கிறேன்.

1989 நவம்பரில் தலைமை அமைச்சர் ஹெல்முட் கோல் போலந்துக்கு அரசுமுறைப் பயணம் வந்திருந்தார். 9ஆம் நாள் இரவு பெர்லின் சுவர் திறந்தது. பயணத்தை இடையில் நிறுத்திப் பெர்லின் ஓடி, மீண்டும் திரும்பி வந்தார். 12ஆம் நாள், ஞாயிறு, கிஷிஷோவாவின் பண்ணை முற்றத்தில் ஒப்புரவுத் திருப்பலி நடந்தது. முதலில் வேறிடம் பேசப்பட்டு, அது பழைய பகைகளைக் கிளறும் என்ற எதிர்ப்பினால் கைவிடப்பட்டு, மோல்ட்கேயின் ஊர் தேர்ந்தெடுக்கப்பட்டது. ஓப்போலே ஆயர் அல்ஃபோன்ஸ் நோசோல் வழிபாட்டை நடத்தினார். அமைதியை ஒருவர்க்கொருவர் பகிரும் சடங்கு வந்தபோது, கோலும் போலந்துத் தலைமை அமைச்சர் ததேயுஷ் மசோவியெட்ஸ்கியும் தழுவிக்கொண்டனர். அன்றும் எல்லாம் முடிந்துவிடவில்லை. எல்லையை இறுதியாக உறுதிசெய்யக் கோல் தயங்கினார். அதற்கான உடன்படிக்கை 1990 நவம்பர் 14 அன்றுதான் கையெழுத்தாயிற்று. பாழடைந்திருந்த மாளிகை பின்னர்ச் செப்பனிடப்பட்டுப் பன்னாட்டு இளைஞர் சந்திப்பு இல்லமாயிற்று. ஃப்ரேயா 2010 ஜனவரி முதல் நாள் வரை வாழ்ந்தார்.

முற்றத்துத் திருப்பலி முடிந்து மூன்று வாரங்களில் திருவருகைக் காலம் தொடங்கியது. அவ்வாண்டின் நாள்காட்டியை எடுத்துப் பார்த்தேன். முதல் ஞாயிறு டிசம்பர் 3; நான்காம் ஞாயிறு டிசம்பர் 24. 1944இல் இருந்த அதே வரிசை.